செண்பகா மெஸ் தீயல்

அங்க வேணாம் சார். அந்த மஞ்ச போர்டைத்தானே பார்க்கறீங்க, செண்பகா மெஸ்? வேணாம். இப்பதான் அங்கேருந்து பாதி இலையில எழுந்து வந்தேன். கை கழுவின ஈரம்கூட இன்னும் காயல, பாருங்க.

உட்காருங்க, பஸ் வரும்போது வரும். வெளியூர்தானே? பையைப் பார்த்தாலே தெரியுது. பசிக்குதுன்னும் தெரியுது. இந்த அயனாவரத்துல சாப்பாட்டுக் கடைக்கு என்ன குறைச்சல், சொல்றேன் கேட்டுக்கோங்க. அந்தக் கோடியில பிரியாணிக் கடை. தேக்சாவைத் திறந்தா தெரு முழுக்க மணக்கும். மணக்கறதோட நிறுத்திக்கிட்டா உடம்புக்கு நல்லது. அதுக்கு இந்தப் பக்கம் ஆந்திரா மீல்ஸ். பருப்புப் பொடியும் நெய்யும் போட்டுப் பிசைஞ்சா சொர்க்கம்தான், நான் இல்லங்கல, ஆனா சாயங்காலம் வரைக்கும் வயிறு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். மருந்துக் கடை வாசல்ல பொழுது சாய்ஞ்சா ஒரு தள்ளுவண்டி வரும். நூடுல்ஸைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பான். நின்னு வேடிக்கை பார்க்கலாம், அதுக்குக் காசு கேட்க மாட்டான். ரவா தோசைக்குன்னே ஒரு ஓட்டல் இருந்தது, இப்ப அது செல்போன் கடை. எல்லாக் கடையிலயும் கையை நனைச்சவன் சார் நான். எல்லாத்தையும் விட்டுட்டு செண்பகா மெஸ்தான்னு போய் உட்கார்ந்தவன். அந்த நானே வேணாங்கறேன்னா பார்த்துக்கோங்க.

என் பேர் கோதண்டம். மில் ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். எங்க வீட்டம்மா கனகவல்லி இருந்த வரைக்கும் எனக்கு ஓட்டல் வாசல் எந்தப் பக்கம்னு தெரியாது. அவ போனதுக்கப்புறம்தான் இந்தப் பழக்கம். அவ ஒரு மாதிரி சார். ஒரு கரண்டி வாங்கினாக்கூட பாத்திரக் கடையிலேயே உட்கார்ந்து பேர் வெட்டி வாங்கித்தான் வீட்டுக்குக் கொண்டு வருவா. யார் தூக்கிட்டுப் போயிடப் போறாங்கன்னு கேட்டா சிரிப்பா. சரி, அவ கதை எதுக்கு இப்ப.

வீட்ல சமையல் இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. நடக்குது. நடக்குதுன்னுதான் சொல்லணும். என் பையன் தயாளன் திருநெல்வேலிப் பக்கம் வேலைக்குப் போன இடத்துல அவனே பார்த்துக் கட்டிக்கிட்டான். பேர் ஜெயக்கொடி. நல்ல பொண்ணுதான், குறை சொல்லக் கூடாது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல. கைதான் வரல. வந்த புதுசுல ஒருநாள், ரோடு போடற தார் மாதிரி கருப்பா ஒரு குழம்பை என் தட்டுல ஊத்தினா. தட்டைத் தள்ளிட்டு எழுந்துட்டேன். அதோட அதை வைக்கறதை விட்டுட்டா. சொன்னா புரிஞ்சுக்கற பொண்ணு, அதையும் சொல்லணும் இல்ல? அப்புறம் எனக்கு ஒரு தடவை தலை சுத்தி விழுந்து, டாக்டர் உப்பைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்கன்னு சொன்னார். அன்னியிலேருந்து வீட்ல எல்லாமே வெந்தும் வேகாத ருசி. பீர்க்கங்காய்னு போடுவா. பீர்க்கங்காய்க்கே தான் பீர்க்கங்காய்ங்கறது மறந்து போயிருக்கும்.

அதனால மத்தியானமானா சட்டையை மாட்டிக்கிட்டு கிளம்பிடுவேன். "சாப்பிட்டுப் போங்க மாமா"ன்னு அடுப்படியிலேருந்து குரல் வரும். வேணாம்னுட்டு இறங்கிடுவேன்.

மெஸ்ஸை நடத்தறவர் தங்கப்பழம் அண்ணாச்சி. திசையன்விளைக்காரர். தெற்கத்தி ஆளுங்களுக்கு என்னமோ கடை நடத்தற ராசி. முன்னாடியெல்லாம் அவர்கிட்டயும் சாம்பார், ரசம், ஒரு பொரியல், அவ்வளவுதான். சுமாரா இருக்கும். ஆனா காத்தாடிக்குக் கீழ செவுரோரமா எனக்குன்னு ஒரு இடம் உண்டு. யாராவது தெரியாம உட்கார்ந்துட்டா சப்ளையர் செல்லையா நைசா அவங்களைக் கிளப்பி அடுத்த டேபிளுக்கு மாத்திடுவான். வீட்ல ஹால்ல டிவி முன்னாடிகூட எனக்கு அப்படி ஒரு இடம் கிடையாது. அதுக்காகத்தான் போறதுன்னு வச்சுக்கோங்களேன்.

அப்புறம் ஒரு ஆடி மாசத்துல தீயல் வந்தது.

சாப்பிட்டிருக்கீங்களா? அந்தப் பக்கத்துக் குழம்பு. தேங்காயை நல்லா செவக்க, செவந்து கருக்கப் போற பக்குவம் வரைக்கும் வறுத்து மை மாதிரி அரைச்சு, முழுசு முழுசா சின்ன வெங்காயம் போட்டு, புளி ஊத்திக் கொதிக்க வைக்கறது. கருகருன்னு மினுக்கும். சோத்துல ஊத்தினா ஓடாது, அப்படியே நிக்கும். முதல் வாய் வச்சதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. காரம் இல்ல சார். கனகவல்லி போனதுக்கப்புறம் நான் ருசிச்சுச் சாப்பிட்ட முதல் வாய் அதுதான். அண்ணாச்சியைக் கூப்பிட்டு, "இதை வச்ச கைக்குக் காப்பு போடணும்"னு சொன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே, "சொல்லிடுதேன் சார்"ன்னார். யார்கிட்ட சொல்லுவார்? அவங்க வீட்டம்மாகிட்டன்னு நான் நினைச்சேன்.

அந்த ஆடியிலதான் எங்க வீட்லயும் தொல்லை ஆரம்பிச்சுது. ஜெயக்கொடி ஏதோ ஆர்டர் எடுத்துச் சமைக்கறாளாம். விடியறதுக்குள்ள எழுந்து என்னத்தையோ வறுப்பா. வீடு பூரா புகை. மாடிப்படி பூரா வெங்காயச் சருகு. காலையில ஆட்டோக்காரன் ஒருத்தன் கேட்டுல நின்னுக்கிட்டு, "அக்கா, ரெடியா?"ன்னு தெருவுக்கே கேட்கற மாதிரி கத்துவான். பெரிய பெரிய அடுக்கா தூக்கிட்டுப் போவான். எங்க போகுது, யார் திங்கறாங்க, நான் கேட்டதில்ல. இவ சமையலைக் காசு குடுத்து வாங்கறவனும் ஊர்ல இருக்கானேன்னு நினைச்சுக்குவேன். பாவம், யாரோ.

ஏன் சிரிக்கறீங்க? சிரிக்கலையா, சரி.

இதுல ஒரு விஷயம் சொல்லணும் சார், அதுதான் முக்கியம். நான் தலை சுத்தி விழுந்தேன்னு சொன்னேனே, ஆஸ்பத்திரியிலேருந்து வந்து மறுபடியும் மெஸ்ஸுக்குப் போனேன். செல்லையா எல்லாருக்கும் வாளியிலேருந்து தீயல் ஊத்திக்கிட்டு வரான். என் இலைக்கு வந்ததும் வாளியை வச்சுட்டு உள்ள போய், மூடி போட்ட சின்னத் தூக்குச்சட்டி ஒண்ணை எடுத்துட்டு வந்தான். "சாருக்குத் தனி"ன்னான். எனக்குன்னு தனிச் சட்டி சார். மூடியில ஒரு பக்கம் நெளிஞ்சிருக்கும். உப்பு அளவா, எண்ணெய் அளவா, ஆனா ருசி குறையாம. ஒருநாள் பக்கத்து இலைக்காரர் கேட்டார்னு அவருக்குக் கொஞ்சம் குடுத்து, அவருதுல நான் கொஞ்சம் வாங்கிப் பார்த்தேன். அவருது உப்புத் தூக்கல். என்னுது கச்சிதம்.

என் உடம்பு சமாச்சாரம் அண்ணாச்சிக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியல. நான் சொல்லல. நல்ல மனுஷங்களுக்கு எப்படியோ தெரிஞ்சுடுது. பெத்த பையன் வீட்ல உப்பில்லாத பீர்க்கங்காய், எவரோ ஒரு அண்ணாச்சி எனக்காக மெனக்கெட்டுத் தனியா வைக்கறார். இதைச் சொல்லிச் சொல்லி வீட்ல எத்தனை தடவை குத்திக் காட்டியிருக்கேன் தெரியுமா? "மெஸ்காரனுக்கு இருக்கற அக்கறை"ன்னு ஆரம்பிப்பேன். ஜெயக்கொடி தலையைக் குனிஞ்சுக்கிட்டு உள்ள போயிடுவா. தயாளன் வாயைத் திறக்கப் போவான், அவ உள்ளேருந்தே அவனைப் பார்ப்பா, அவன் மூடிக்குவான்.

போன வாரம்தான் சார் எனக்குப் பொறுமை போச்சு. கீழ்வீட்டு ரங்கநாயகி அம்மா படியில என்னை நிறுத்தி, "உங்க மருமக கை மணம், காலையில எழுப்பறதே அதுதான்"னு சொல்லிச்சு. நக்கலைப் பாருங்க. புகையில தூங்க முடியலங்கறதை எவ்வளவு நாசூக்கா சொல்லுது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. தயாளனைக் கூப்பிட்டு, "இது வீடா, சத்திரமா? உன் சம்பளம் வருது, என் பென்ஷன் வருது, ஊரானுக்கு ஏண்டா இவ பொங்கிக் கொட்டணும்? இதை நிறுத்தற வரைக்கும் நான் வீட்ல பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்"னு சொல்லிட்டேன். அவன், "அப்பா, அது எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"ன்னான். "எங்க போனா எனக்கென்னடா"ன்னேன். அவன் இன்னும் ஏதோ சொல்ல வந்தான். அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டிருந்த ஜெயக்கொடி வேணாம்னு கையைக் காட்டினா. "விடுங்க. தெரிஞ்சா அதையும் சாப்பிட மாட்டாவ. மாமாவுக்குப் பிடிக்கலன்னா நிறுத்திடுதேன்"னா. எதைச் சாப்பிட மாட்டேனாம்? ஒண்ணும் புரியல, அந்தப் பக்கத்துப் பேச்சே அரைகுறைதான். ஆனா நிறுத்திட்டா. ஞாயித்துக்கிழமையோட நிறுத்திட்டா. மறுநாள் காலையில ஆட்டோவும் இல்ல, புகையும் இல்ல. வீடு வீடா இருந்தது. நிம்மதியா மெஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

இனிமே கேளுங்க, எனக்கு வந்த சோதனையை. உட்கார்றேன், இலை போட்டாச்சு, செல்லையா வாளியோட வரான். என் இலைக்கும் வாளியிலேருந்தே ஊத்தறான். தனிச் சட்டி எங்கடான்னேன். காது கேட்காத மாதிரி போயிட்டான். ஊத்தினதைப் பார்த்தா வெளுப்பா, தண்ணியா, இலை பூரா ஓடுது. வாயில வச்சேன். தேங்காய் பச்சையா இருக்கு, புளி தனியா நிக்குது. அப்படியே வச்சுட்டு அண்ணாச்சிகிட்டப் போனேன். அவர் என் மூஞ்சியையே பார்க்கல. "செய்யுத ஆளு நின்னுட்டாவ சார்"ன்னார்.

"எந்த ஆளு? உங்க வீட்லதானே செய்யறாங்க?"

"இல்ல சார். ஒரு அம்மா அவங்க வீட்ல வச்சுக் குடுத்தாவ. இப்ப வீட்ல விட மாட்டேங்காவளாம்."

எனக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே. எந்த வீடுங்க அது, எந்த நெஞ்சழுத்தக்காரன் அவன், இப்படி ஒரு கையைக் கட்டிப் போடறதுக்கு அவனுக்கு எப்படி மனசு வந்துது? எல்லார் காதுலயும் விழற மாதிரிதான் கேட்டேன். "அந்த வீட்டுப் பெரியவர் யாருன்னு சொல்லுங்க அண்ணாச்சி. நானும் நாலு பேருக்குத் தெரிஞ்சவன்தான். நான் போய்ப் பேசறேன். அந்தாளுக்குப் புரியற மாதிரி சொல்றேன்"னேன். அண்ணாச்சி என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் துணியை எடுத்து, துடைச்ச கல்லாவையே மறுபடியும் துடைக்க ஆரம்பிச்சுட்டார்.

நீங்க இப்ப பார்க்கறீங்களே, இதே மாதிரிதான் பார்த்தார்.

அப்புறம் தினமும் போனேன். தினமும் அதே வெளுத்த தீயல். ரெண்டு வாய் வச்சுட்டு எழுந்துடுவேன். வீட்லயும் சாப்பிடப் பிடிக்கல. இந்த வயசுல என்ன சார் வேணும் எனக்கு? மத்தியானம் ஒரு இலை, அதுல ஒரு குழம்பு. அதுக்காகத்தான் காலையில எழுந்திருக்கறது, குளிக்கறது, சட்டை போடறதெல்லாம். அதுவும் போச்சுன்னா அந்தப் பொழுதை என்ன பண்றது? சட்டைகூட தொளதொளன்னு ஆயிடுச்சு, பாருங்க.

நேத்து ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டா. பசிக்கலன்னேன். "ஒரு வாய் சாப்பிடுங்க மாமா"ன்னு மறுபடியும் கூப்பிட்டா. எப்பவும் ரெண்டாவது தடவை கூப்பிடறவ இல்ல அவ, அதனால போய் உட்கார்ந்தேன். சோத்தைப் போட்டா. கருகருன்னு ஊத்தினா. நிக்குது சார். ஓடல. ஒரு வாய் வச்சேன். அதே தீயல். அதே உப்பு, அதே புளி, அதே சின்ன வெங்காயம். தட்டை வழிச்சுச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிச்சுப் பார்த்தா மேஜை மேல இந்தத் தூக்குச்சட்டி. நெளிஞ்ச மூடியோட.

"மெஸ்ல வாங்கினியா?"ன்னு கேட்டேன்.

சட்டி மூடியை எடுத்து அழுத்தி மூடினா. "ஆமா மாமா"ன்னா.

பார்த்தீங்களா சார், தனக்கு வராதுன்னு அவளுக்கே தெரிஞ்சு போச்சு. "இப்பவாவது புத்தி வந்துதே"ன்னேன். தயாளன் பாதிச் சோத்துல எழுந்து பால்கனிக்குப் போயிட்டான். அவ என் தட்டை எடுத்துட்டு உள்ள போனா.

ஆனா எனக்குத் தூக்கம் வரல. ஆளு நின்னுட்டாங்கன்னு அண்ணாச்சி சொல்றார், ஆனா அதே தீயல் வீட்டுக்கு வந்திருக்கு. அப்படின்னா என்ன அர்த்தம்? பார்சலுக்கு ஒண்ணு, இலைக்கு ஒண்ணு. தினமும் வந்து உட்கார்ற எனக்குத் தண்ணி, எவனோ பை கொண்டு வந்தா நல்லது. அதுதானே? வேற என்னவா இருக்க முடியும்? இன்னிக்குக் காலையில அடுப்படியில யாரும் இல்லாத நேரம் பார்த்து இந்தச் சட்டியை எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். அடுப்படிக்குள்ள நான் கால் வச்சதே எத்தனையோ வருஷத்துக்கப்புறம் இன்னிக்குத்தான். மத்தியானமானதும் நேரா மெஸ்ஸுக்கு வந்தேன். உட்கார்ந்தேன், சாப்பிட்டேன், பாதியில எழுந்தேன், சட்டியைக் கல்லா மேல வச்சேன். "இது உங்க சட்டிதானே? ஆளு நின்னுட்டா இது எப்படி நேத்து என் வீட்டுக்கு வந்துது?"ன்னு கேட்டேன். சாப்பிட்டுக்கிட்டிருந்தவங்க எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. செல்லையா வாளியோட அப்படியே நின்னுட்டான்.

அண்ணாச்சி சட்டியை எடுத்தார். திருப்பி அடியைப் பார்த்தார். எனக்கும் காட்டினார். என் கையில குடுத்துட்டு, மெதுவாத்தான் சொன்னார், சத்தம் போடல. "சார், இது எங்க கடைச் சட்டி இல்ல. நீங்க வீட்டுக்குப் போயி சாப்பிடுங்க"ன்னார்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிடணுமாம். ஒரு சாப்பாட்டுக் கடைக்காரன் வாடிக்கைக்காரனைப் பார்த்துச் சொல்ற வார்த்தையா சார் இது? காத்தாடிக்குக் கீழ எனக்கு இடம் வச்சிருந்த மனுஷன். எனக்குத் தாங்கல. கையைக் கழுவிட்டு வந்து இங்க உட்கார்ந்தேன், நீங்க வந்தீங்க.

இதுதான் அந்தச் சட்டி. அடியில என்னமோ வெட்டியிருக்கு. கண்ணாடியை வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன், கோடு கோடாத்தான் தெரியுது. அவர் எதுக்கு இதைக் காட்டினார்னே புரியல. கொஞ்சம் படிங்களேன். வேற ஏதாவது கடைப் பேரா இருக்கும்.

என்ன?

இன்னொரு தடவை படிங்க.

கோ. கனகவல்லி.

ஒரே பேர் எத்தனையோ பேருக்கு இருக்கும் சார். இவ்வளவு பெரிய மெட்ராஸ்ல ஒரு கனகவல்லிதானா இருப்பா? கோ போட்ட கனகவல்லியும் இருப்பா. இருக்க மாட்டாளா?

நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். குடுங்க அதை.

வெயில் ஜாஸ்தியா இருக்கு, இல்ல? கொஞ்சம் தண்ணி இருந்தா குடுங்க. போதும், போதும்.

உங்க பஸ் வருது பாருங்க. அதுல போகலையா? சாப்பிட்டுப் போறீங்களா? சரி, அதுவும் சரிதான், பசியோட ஏன் போகணும். செண்பகாவுலயே சாப்பிடுங்க. வேணாம்னு சொன்னேன்தான், அதை மனசுல வச்சுக்காதீங்க. அண்ணாச்சி மேல தப்பில்ல. இன்னிக்குத் தீயல் மட்டும் வேணாம், மோர் ஊத்திக்கோங்க. அடுத்த தடவை இந்தப் பக்கம் வந்தா தீயல் கேளுங்க. கேட்டுப் பாருங்க, இருக்கும்.

நான் வரேன். இந்நேரத்துக்கு எனக்குச் சோத்தை எடுத்து வச்சுத் தட்டால மூடியிருப்பா. தினமும் மூடித்தான் வைக்கறா, நான்தான் திறந்து பார்க்கறதில்ல. இந்தச் சட்டியை எடுத்த இடத்துலயே வச்சுடறேன். ஒண்ணும் பேச மாட்டேன். என்னத்தைப் பேசறது, தண்ணி வை, கதவைச் சாத்து, இதைத் தவிர அவகிட்ட நான் பேசினதே கிடையாது. அந்த ஆட்டோக்காரனை வரச் சொல்லுன்னு தயாளன்கிட்ட சொல்லிக்கறேன். வந்து கத்தினா கத்தட்டும். அந்த நேரத்துக்கு எனக்கு எப்படியும் முழிப்பு வந்துடுது. நானே இறங்கிப் போய் கேட்டைத் திறந்து விடறேன்.